கால்மேட்டில் ஒரு விரல்

சிப்பிவிளையில் செத்தவர்களுக்கு இரண்டு இடங்கள் உண்டு. ஓடைக்கு அந்தப் பக்கம் உடம்பு எரிகிற இடம். உப்பளத்துக்கும் தார் ரோட்டுக்கும் நடுவில், வெள்ளைப் பாத்திகளிலிருந்து ஓர் ஆள் உயரத்துக்கு எழும்பி நிற்கும் செம்மண் மேடு, கால்கள் இருக்கிற இடம். நடக்கத் தொடங்கிய வயதிலிருந்து உப்புத் தண்ணீரில் நின்று, பாத்தி மிதித்து, உப்பு வாரி, உப்புச் சுமந்து இறுகிப்போன பாதங்களை நெருப்பு தொடுவதில்லை. மற்றதெல்லாம் சாம்பலான பிறகும் அவை இரண்டும், வெகுதூரம் போய்விட்டு வந்து ஓய்ந்து உட்கார்ந்தவை மாதிரி, முழுசாகக் கிடக்கும். மறுநாள் காலையில் வீட்டுக்காரர்கள் போய் அவற்றை எடுத்து, ஒரு கைப்பிடி உப்போடு துணியில் சுற்றி, மேட்டில் புதைத்துவிட்டு வருவார்கள். கால்மேடு என்று அதற்குப் பெயர். அங்கே யாரும் அழுவதில்லை. அழுகையெல்லாம் முந்தின நாளே ஓடைக்கரையில் தீர்ந்திருக்கும்.

பேச்சிக்கனி தன் புருஷன் கொம்பையாவின் கால்களை அங்கே கொண்டுபோய் வைத்தபோது மகள் வடிவு இரண்டாம் வகுப்பில் இருந்தாள். உப்பு வாரிக்கொண்டிருந்த மனிதன், உச்சிவெயிலில், குடிக்கத் தண்ணீர் கேட்க வாயைத் திறந்து, கேட்காமலே பாத்திக்குள் உட்கார்ந்து, அப்படியே சாய்ந்துவிட்டான். அவனுடைய இடது காலில் சுண்டுவிரலுக்கு வெளியே ஆறாவதாக ஒரு விரல் இருந்தது. அதே காலில், அதே இடத்தில், வடிவுக்கும் இருந்தது. அவள் பிறந்த அன்று, மூக்கு யாரைப்போல, நெற்றி யாரைப்போல என்று பெண்கள் பேசிக்கொண்டிருக்க, அவன் துணியை விலக்கிக் காலைப் பார்த்துவிட்டு, "சந்தேகமே இல்ல, என் பிள்ளதான்" என்று சொன்னதும், வலி ஆறாமல் கிடந்த பேச்சிக்கனி கையில் அகப்பட்ட டம்ளரை அவன்மேல் எறிந்ததும் ஊரில் வெகுநாள் சிரிப்பாக ஓடியது. சாம்பலுக்குள் அந்த ஆறு விரல்களும் கருகாமல் கிடந்ததைப் பார்த்தபோது அவளுக்கு அந்த டம்ளர்தான் நினைவுக்கு வந்தது.

ஐந்தாம் வகுப்பு முடித்த வடிவுக்கு டவுனில், விடுதியோடு சேர்ந்த பெண்கள் பள்ளிக்கூடத்தில் இடம் கிடைத்தது. அங்கே கறுப்பு ஷூ போட வேண்டும். படிப்பைவிட அந்த ஷூதான் பேச்சிக்கனிக்குப் பெரிதாகப் பட்டது. ஷூ போட்ட காலை உப்பு தொடாது. உப்பு தொடாத கால் எரியும். தன் மகள் என்றோ ஒரு நாள், தலை நரைத்த கிழவியாகி, பேர் தெரியாத ஏதோ ஊரில், ஒரு மிச்சமும் இல்லாமல் முழுசாக எரிந்துபோக வேண்டும் என்பது அவள் யாரிடமும் சொல்லாத ஆசை. ஒரு தாய் மகளுக்கு ஆசைப்படுகிற காரியமா இது என்று கேட்பார்கள் என்பதால் சொல்லவில்லை.

ஆனால் ஷூவுக்குள் ஆறாவது விரல் அடங்கவில்லை. பெரிய அளவு வாங்கினால் வலது கால் உள்ளே நீந்தியது. சரியான அளவு வாங்கினால் இடது காலில் ரத்தம் கட்டியது. டவுன் ஆஸ்பத்திரியின் எலும்பு டாக்டரம்மா எக்ஸ்ரேவை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினாள். சுண்டுவிரலின் எலும்பு, அடியில் ஒன்றாகப் புறப்பட்டு, முருங்கைக் கிளை பிரிவதுபோல இரண்டாகப் பிரிந்திருந்தது. சதைமட்டும் என்றால் எளிது, இதில் எலும்பும் மூட்டும் இருக்கின்றன, வெளிவிரலை எடுத்துவிட்டுச் சுண்டுவிரலை நேராக்கித் தைக்க வேண்டும், பிள்ளை மயக்கத்தில் இருப்பாள், வலி தெரியாது, ஒன்றரை மாதத்தில் நடந்துவிடுவாள் என்றாள். பேச்சிக்கனி யோசிக்காமல் சரி என்றாள்.

ஊர் யோசித்தது. வீடு தேடி வந்த லட்சுமியை வெட்டி எறியப் போகிறாள் என்று பைப்படியில் பேச்சு நடந்தது. பக்கத்து வீட்டுத் தங்கபுஷ்பம் குடத்தை இடுப்பில் ஏற்றிக்கொண்டே, "ஆறாம் வகுப்புக்கு ஆறு வெரலு ஆகாதாம்லா, பத்தாம் வகுப்புக்குப் போனா பத்தையும் எடுத்துருவாகளோ மதினி?" என்று கேட்டாள். பேச்சிக்கனி தன் குடத்தைக் குழாய்க்கு நேராக நகர்த்தி வைத்தாள். அவளுக்குக் குடம் நிறைய வேண்டியிருந்தது.

அறுவை நன்றாக முடிந்தது. வெளியே வந்த நர்ஸிடம் பேச்சிக்கனி விரலைக் கேட்டாள். நர்ஸ் தயங்க, டாக்டரம்மா, தாய் கேட்கிறாள் கொடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனாள். பஞ்சும் துணியும் சுற்றி ஒரு சிறு டப்பாவில் வந்த விரல், நகம் வெட்டி முடித்த கைபோலச் சுத்தமாக இருந்தது. குப்பையில் போட மனம் வரவில்லை. கொம்பையாவின் உடம்பிலிருந்து மகளுக்கு வந்தது அதுவே என்பதால், அவனிடமே திருப்பிக் கொடுப்பதுபோல, ஒரு கைப்பிடி உப்போடு கால்மேட்டில், அவன் கால்களுக்குப் பக்கத்தில் புதைத்தாள்.

அங்கேதான் பிசகு. கால்மேட்டுக்குப் போவது நெருப்பு வேண்டாமென்று திருப்பிக் கொடுத்தது மட்டுமே. நெருப்பைப் பார்க்காத எதையும் அங்கே வைக்கும் வழக்கம் அந்த ஊரில் இருந்ததில்லை. வைக்கக் கூடாது என்று யாரும் சொன்னதுமில்லை, ஏனென்றால் அப்படி ஒன்றை வைக்க யாருக்கும் தோன்றியதில்லை.

கட்டுப் பிரித்த வாரத்தில் வடிவு, சோறு தின்றுகொண்டிருந்தவள், கால் குளிருகிறது என்றாள். பேச்சிக்கனி பாதத்தைத் தொட்டுப் பார்த்தாள், சுடச்சுட இருந்தது. இந்தக் கால் இல்லை, எடுத்த விரல் குளிருகிறது என்றாள் பிள்ளை. ஈர மண்ணுக்குள் இருக்கிறது, உப்பு கடிக்கிறது, சுற்றிலும் நிறையக் கால்கள் இருக்கின்றன என்று, பள்ளிக்கூடத்து வராந்தாவில் யார் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று சொல்வதுபோலச் சொல்லிவிட்டு, இன்னும் கொஞ்சம் ரசம் கேட்டாள்.

டாக்டரம்மாவிடம் சொன்னபோது அவள் சிரிக்கவில்லை. எடுத்த உறுப்பு கொஞ்ச நாள் இருப்பதுபோலவே தோன்றும், மூளை மறக்க நேரமாகும், பயப்பட வேண்டாம் என்றாள். எங்கே புதைத்தாய் என்று கேட்டாள். பேச்சிக்கனி சொன்னதைக் கேட்டு ஜன்னலுக்கு வெளியே சற்று நேரம் பார்த்தாள்.

ஊருக்கு இது தெரிந்தது தங்கபுஷ்பத்தின் வழியாகத்தான். வடிவு அவளிடம், எனக்குக் கொஞ்சம் தள்ளி ஒரு கால் உள்பக்கமாகத் திரும்பிக் கிடக்கிறது அத்தை, பிறவியிலேயே அப்படி இருந்திருக்கும்போல என்று சொன்னாள். தங்கபுஷ்பம் கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தாள். வளைந்த பாதத்தோடு பிறந்து, சாகும்வரை பக்கவாட்டிலேயே நடந்து, ஊர்ப் பிள்ளைகள் நண்டு நண்டு என்று பின்னாலேயே கத்திக்கொண்டு போன தன் அண்ணனின் கால் அது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. அவன் செத்தபோது வடிவு பிறந்திருக்கவில்லை. "வலிக்குதாமா அவனுக்கு?" என்று மட்டும் கேட்டாள். வடிவு கண்ணை மூடி இருந்துவிட்டு, இல்லை, சும்மா நீட்டிக் கிடக்கிறது என்றாள். அன்றிலிருந்து அந்த ஊரில் யாரும் யாரையும் நண்டு என்று சொல்லவில்லை.

அதற்குப் பிறகு ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். யாரும் வியக்கவில்லை. தண்ணீர் லாரி வராத நாளில் பக்கத்து ஊருக்குக் குடத்தோடு நடப்பதுபோல, ரேஷன் கடையில் மண்ணெண்ணெய் வந்திருக்கிறதா என்று கேட்டுப் போவதுபோல, வேலை முடிந்து கால் கழுவிய கையோடு வந்து வாசலில் குந்தி, தங்கள் செத்தவர்களின் கால்களைப் பற்றிக் கேட்டுவிட்டுப் போனார்கள். கால்களுக்குப் பேச்சு கிடையாது. அவை எப்படிக் கிடக்கின்றன என்றுதான் வடிவு சொன்னாள்: மடங்கி, நீண்டு, ஒன்றன்மேல் ஒன்று போட்டு. முகத்தை மறந்து போயிருந்தவர்களுக்கும் கால்கள் நினைவிருந்தன. இரண்டு விரல் வாத்துபோலச் சேர்ந்திருந்தது என் மாமியாருக்கு என்று ஒருத்தி சொல்ல, ஆமாம், அது மேட்டின் தெற்கோரம் என்றாள் வடிவு. பாதத்தின் நடுவே குழிவே இல்லாமல் பலகைபோல இருந்தவர், குதிகால் தரையில் பதியாமல் முன்விரலாலேயே நடந்தவர், பெருவிரல் கோணி அடுத்ததன்மேல் ஏறியவர் என்று, உயிரோடிருந்தபோது கேலிக்கும் வைவதற்கும் ஆகியிருந்த ஒவ்வொரு கோணலும் இப்போது, கூட்டத்தில் பெற்ற பிள்ளையை அடையாளம் காட்டுகிற மச்சம்போல, மெல்லிய குரலில் சொல்லப்பட்டது.

கங்காணி தவசிமுத்துவும் வந்தார். உப்பளத்தில் யாரும் நிமிர்ந்து பார்த்துப் பேசாத மனிதர், இப்போது மேட்டில் கிடக்கிற தன் மனைவி அன்னத்தாயை, நிறைமாதத்தில்கூட, வரப்பில் உட்கார விடாதவர். துண்டை மடியில் வைத்துக்கொண்டு பிள்ளையின் எதிரில் தரையில் அமர்ந்து, பெருவிரல் ஏறின கால் என்று சொல்லிவிட்டு நிறுத்திக்கொண்டார். அந்த அம்மா ஒரு காலை மட்டும் குறுக்கி வைத்திருக்கிறார்கள் என்றாள் வடிவு. "நீட்டச் சொல்லுத்தா," என்றார் அவர். "வேல முடிஞ்சிட்டு, நீட்டிக்கிடச் சொல்லு." சொல்ல முடியாது என்று தெரிந்தும் அடுத்த நாளும் வந்து அதையே சொன்னார்.

அங்கே எல்லாருக்கும் உப்பு கடிக்கிறது என்று பிள்ளை ஒருமுறை சொன்னது ஊரையே மாற்றிவிட்டது. குடிதண்ணீர் லாரி வந்தால் குழாயைச் சுற்றி முடியைப் பிடித்துச் சண்டை போட்டவர்கள், முதல் குடத்தைத் தனியாகப் பிடித்து வைத்து, ஆளுக்கொரு முறையாகக் கால்மேட்டில் கொண்டுபோய் ஊற்றினார்கள். சிலர் நல்லெண்ணெய் வார்த்தார்கள். தாய் பிழைத்திருந்த நாளில் அவளுக்கு ஒருபோதும் செருப்பு வாங்கித் தராத ஒருவன், வெட்கத்தோடு புதுச் செருப்பு ஒரு ஜோடியைத் துண்டில் மறைத்து எடுத்துப்போய் மேட்டில் வைத்தான்; அடுத்த வாரத்தில் மேட்டைச் சுற்றிச் செருப்புகள் சேர்ந்து ஒரு கல்யாண வீட்டு வாசல்போல ஆகிவிட்டது. கால்களை எடுக்கப் போகும்போதுகூட அழாதவர்கள் இப்போது அங்கே அழுதார்கள், அவசரமில்லாமல், ஒருவருக்கொருவர் இடம் விட்டு.

பேச்சிக்கனி மட்டும் எதையும் கேட்கவில்லை. கொம்பையா எப்படி இருக்கிறானாம் என்று பெண்கள் தூண்டினால், அடுப்பில் ஏதோ தீய்கிறது என்று எழுந்து போனாள். ஒரு வார்த்தை கேட்டுவிட்டால் தினமும் கேட்கத் தோன்றும். தினமும் கேட்டால் பிள்ளையை அனுப்ப முடியாது. அது அவளுக்கு நன்றாகத் தெரிந்தது. இரவல் வாங்கிய பெட்டியில் விடுதிக்கு வேண்டிய பாவாடைகளை மடித்து வைத்தாள். கறுப்பு ஷூவுக்கு எண்ணெய் தடவித் துடைத்து, மேலே வைத்தாள்.

பள்ளி திறக்கச் சில நாள் இருக்கையில் மகளைக் குளிப்பாட்டிப் பாதத்தைத் தேய்த்தபோது அவள் கை நின்றது. இடது உள்ளங்கால் வெளுத்து, செதில் செதிலாக, தன்னுடையதைப்போலவே இறுகியிருந்தது. உப்பளத்தில் ஒரு நாளும் இறங்காத கால். சேலையில் குத்தியிருந்த ஊக்கை எடுத்து லேசாகக் குத்தினாள். பிள்ளை சோப்பு நுரையை ஊதிக்கொண்டிருந்தாள். இன்னும் கொஞ்சம் அழுத்தினாள். வடிவு திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

டாக்டரம்மா தழும்பைப் பார்த்து மிக நன்றாக ஆறியிருக்கிறது என்றாள். பிறகு உள்ளங்காலைத் தொட்டுவிட்டு, பிள்ளையை உப்பளத்துக்கு அனுப்புகிறாயா என்று குரலை மாற்றிக் கேட்டாள். இல்லை என்று பேச்சிக்கனி சொன்னதை அவள் நம்பவில்லை. நம்பாதது நியாயம்தான் என்று பேச்சிக்கனிக்கும் பட்டது.

அன்று மாலை ஊர் அவள் வாசலில் கூடியிருந்தது. யாரும் சண்டைக்கு வரவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. ஒரு வருஷம் கழித்துப் போகட்டுமே என்றார்கள். பிள்ளைக்குச் சாப்பாடு, துணி எல்லாம் ஊர் பார்த்துக்கொள்ளும், ஓர் உப்புக் கல்லைக்கூட அவள் தொட வேண்டாம், இந்த வாசலில் உட்கார்ந்திருந்தால் போதும் என்றார்கள். "எங்க அண்ணன் இப்பதான் மதினி கால நீட்டிக் கெடக்கான்," என்றாள் தங்கபுஷ்பம். "இவ போயிட்டா எங்களுக்கு ஆரு சொல்லுவா?"

பேச்சிக்கனி மகளைக் கூப்பிட்டு, எல்லாருக்கும் முன்னால் அவள் இடது காலைத் தூக்கித் தன் மடியில் வைத்தாள். உள்ளங்காலைத் திருப்பிக் காட்டினாள். அந்தத் தோலை அந்த ஊரில் யாருக்கும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. எல்லாரும் அதன்மேலேயே நின்றுகொண்டிருந்தார்கள்.

நெருப்பு பார்க்காத விரலை வாங்கிய மண் பாதியோடு விடாது, மீதிக் காலையும் உப்பில் இறுக்கித் தன் வழக்கத்துக்குக் கொண்டுவருகிறது என்று யாரோ முணுமுணுத்தார்கள். விரலை எடுத்துவிட்டால் என்ன என்று ஒருவர் கேட்க, மேட்டில் வைத்ததைத் தோண்டுவதா, ஒரு விரலைத் தேடி எத்தனை கால்களைக் கிளறுவது என்று இன்னொருவர் கேட்டார். அப்போதுதான், மடியில் கால் இருக்க, வடிவு சொன்னாள், தன் பக்கத்தில் இருக்கிற கால் முதல் நாளிலிருந்தே தன்னைத் தள்ளிக்கொண்டே இருக்கிறது என்று.

பேச்சிக்கனி இதுவரை கேட்காததைக் கேட்டாள். "எந்தப் பக்கமாட்டி தள்ளுது?"

"ரோட்டுப் பக்கமா."

"அந்தக் காலுக்கு எத்தன வெரலு?"

வடிவு கண்ணை மூடினாள். "ஆறு."

"ஏம்ட்டி எங்கிட்டச் சொல்லல?"

"நீ கேக்கவே இல்லியேம்மா."

மறுநாள் உச்சிவெயிலில், உப்பு கண்ணைப் பறிக்கிற நேரத்தில், பேச்சிக்கனி கால்மேட்டுக்கு நடந்தாள். பின்னாலேயே தவசிமுத்து மண்வெட்டியோடு வந்தார். நீ கை வைக்காதே தாயி, பாவம் என்றால் அது என்னோடு போகட்டும், என் கணக்கில் ஏற்கெனவே நிறைய இருக்கிறது என்றார். மற்றவர்கள் பாத்திகளில் வேலையை நிறுத்திவிட்டு, வாருபலகையை ஊன்றியபடி நின்றார்கள்.

மண்வெட்டிக்கு வேலை இருக்கவில்லை. கொம்பையாவை வைத்த இடத்திலிருந்து மேட்டின் ரோட்டோரச் சரிவுவரை மண் ஒரு விரல் அகலத்துக்கு விண்டு, மழைக்காலத்தில் மண்புழு போன தடம்போல நீண்டிருந்தது. அதன் முடிவில், தார் ரோட்டைப் பார்த்துக்கொண்டு, செருப்புகளுக்கெல்லாம் அப்பால், உப்புப் பூத்துப் பளபளவென்று வெளியே வந்து கிடந்தது விரல். இத்தனை நாளும் அவன் அதைத் தள்ளிக்கொண்டே வந்திருக்கிறான். உயிரோடிருந்தபோது பாரம் ஏற்றிய வண்டியைச் சேற்றிலிருந்து அப்படித்தான், பேசாமல், தோளைக் கொடுத்துத் தள்ளுவான்.

பேச்சிக்கனி அதை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டாள். பிறகு விண்டிருந்த மண்ணை உள்ளங்கையால் மூடி, அந்த இடத்தில் கையை வைத்தபடி, தாழ்ந்த குரலில் சொன்னாள்: "நான் வருவம்லா, அப்போ மிச்சத்தச் சொல்லுதேன்." தன் இரண்டு கால்களையும் குனிந்து பார்த்துக்கொண்டாள். அவை வெள்ளையாக, இறுகி, வாக்குத் தவறாதவையாக இருந்தன.

வடிவு புறப்பட்ட காலையில் ஊர் ரோட்டில் நின்றது. யாரும் எதுவும் கேட்கவில்லை. தங்கபுஷ்பம் மட்டும் குனிந்து ஷூவின் நாடாவை இறுக்கிக் கட்டிவிட்டாள். அவளுக்கு ஷூ நாடா கட்டத் தெரியாது. குடத்துக் கயிற்றுக்குப் போடுகிற முடிச்சைப் போட்டிருந்தாள். பஸ் நகர்ந்தபோது தவசிமுத்து கால்மேட்டில் ஒரு குடம் தண்ணீரை ஊற்றிக்கொண்டிருந்தது தெரிந்தது. சொல்ல ஆள் இல்லாவிட்டாலும் ஊற்றுவதை அந்த ஊர் நிறுத்தவில்லை.

தாமிரபரணிப் பாலம் வந்ததும் பேச்சிக்கனி மகளோடு இறங்கினாள். அடுத்த பஸ்ஸில் போய்க்கொள்ளலாம். ஆறு அகலமாக, சத்தமில்லாமல் போய்க்கொண்டிருந்தது. இவ்வளவு நல்ல தண்ணீரை ஒரே இடத்தில் அவள் பார்த்ததில்லை. ஷூ நனைந்துவிடும் என்று வடிவை மேல்படியிலேயே உட்கார வைத்துவிட்டு, அவள் மட்டும் கீழே இறங்கினாள். தண்ணீர் கணுக்காலுக்கு வந்தது. பிளவுகளில் உப்பு ஊறிய அவள் பாதங்களுக்கு அது ஈரமென்றுகூடத் தெரியவில்லை. முந்தானை முடிச்சை அவிழ்த்து, விரலைக் கையில் ஏந்தி, தண்ணீருக்குள் கையை இறக்கித் திறந்தாள்.

மேல்படியில் வடிவு இரண்டு ஷூக்களையும் சேர்த்து வைத்துக்கொண்டு, தலையைச் சாய்த்து, உள்ளே எதையோ கேட்பவள்போல இருந்தாள். பிறகு அவள் முகம் மெல்ல விரிந்தது.

"எம்மா," என்றாள் அங்கிருந்தே. "இந்தத் தண்ணி கடிக்கல."